ஐம்பது நாள் அல்லேலூயா: உயிர்ப்புக் கால வகுப்பறைச் செபம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை, ஒறுத்தல் உண்டியல், குருத்தோலை என்று எல்லாம் பழகிய தடத்தில் ஓடும். ஈஸ்டருக்கு மறுநாள்தான் வாட்ஸ்அப்பில் கேள்வி வரும்: "மிஸ், இனிமே காலை செபத்துல என்ன பண்றது?" சென்னையில் வார நாட்களில் பள்ளியிலும் ஞாயிறுகளில் பங்கின் மறைக்கல்வி வகுப்பிலும் பாடம் எடுக்கிறவள் நான். புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். செய்து பார்த்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன், சொதப்பியது உட்பட.

ஈஸ்டர்தான் வந்து போய்விட்டதே, இன்னும் என்ன கொண்டாட்டம்?

நாற்பது நாள் தவமிருந்துவிட்டு, ஞாயிறு மதியம் பிரியாணியோடு கடையைக் கட்டிவிடுவது நம் வழக்கம். திருச்சபையின் கணக்கு வேறு. உயிர்ப்புப் பெருவிழா தொடங்கி, தூய ஆவியின் வருகையைக் கொண்டாடும் பெந்தக்கோஸ்து வரை 50 நாட்கள் பாஸ்கா காலம். அதில் முதல் எட்டு நாட்களுக்கு எண்கிழமை என்று பெயர். எட்டு நாளும் சேர்ந்து ஒரே பெருவிழா மாதிரி. திருப்பலிக்கு வெள்ளை உடை, தவக்காலத்தில் நிறுத்தி வைத்த அல்லேலூயா, பீடத்தருகே எரியும் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவத்தி, முதல் வாசகத்துக்குப் பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாகத் திருத்தூதர் பணிகள். இதையெல்லாம் பிள்ளைகள் கோயிலில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏன் என்று நாம்தான் சொல்வதில்லை.

முதல் நாளே கரும்பலகையின் ஓரத்தில் "1/50" என்று எழுதிவிடுங்கள். தினமும் ஒரு பிள்ளை வந்து எண்ணை மாற்றட்டும். செலவே இல்லாத வேலை. மூன்றாம் வகுப்பில் இதற்காகச் சண்டையே நடக்கும்.

ஏப்ரலில் பரீட்சை, மே முழுக்க லீவு. சென்னையில் இதற்கு எங்கே நேரம்?

நியாயமான கேள்வி. வெளிநாட்டுக் கையேடுகள் எதிலும் இதற்குப் பதில் இருக்காது. அங்கே அது பள்ளி நடக்கிற காலம், இங்கே கத்திரி வெயில் காலம். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே எந்த ஞாயிறன்றும் வரலாம். 2025-இல் ஏப்ரல் 20, பெந்தக்கோஸ்து ஜூன் 8. 2026-இல் ஏப்ரல் 5, பெந்தக்கோஸ்து மே 24. ஆகவே ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

என் கணக்கு இப்படி. பள்ளி நடக்கும் இரண்டு மூன்று வாரத்தில் காலை செபத்துக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது. பரீட்சை நாட்களில் ஒரு வசனம், ஒரு நிமிட அமைதி. மே மாதத்தில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும், பங்கில் நடக்கும் விடுமுறை விவிலியப் பள்ளியும் இருக்கின்றன. நிதானமாகச் செய்ய வேண்டியதை அங்கே தள்ளிவிடலாம். ஈஸ்டர் தாமதமாக வரும் வருடங்களில் பள்ளி திறந்த பிறகு ஜூன் முதல் வாரத்தில் பெந்தக்கோஸ்து கையில் கிடைக்கும். அதை விடக்கூடாது. கீழே ஒரு கேள்வியில் அதற்கு வருகிறேன்.

வகுப்பில் செப மூலை அமைக்க என்னென்ன வேண்டும்?

ஒரு ஸ்டூல், வெள்ளைத் துணி, விவிலியம், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு திரி. அவ்வளவுதான். ஒரு வருடம் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தெர்மகோலில் திறந்த கல்லறை செய்தேன். உருட்டிவிட்ட கல் வேறு, பெயின்ட் அடித்து. இரண்டு நாள் பிள்ளைகள் வியந்தார்கள். மூன்றாம் நாள் அதற்குள் யாரோ டிபன் பாக்ஸை வைத்திருந்தார்கள். செபத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பொருள் வேடிக்கைப் பொருள் ஆகிவிட்டால் அப்புறம் அதைத் திருப்ப முடியாது.

பாஸ்கா திரி மாதிரியைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். சார்ட் பேப்பரை நீளக் குழாயாகச் சுருட்டி ஒட்டினால் போதும். நடுவில் சிலுவை, நான்கு மூலையில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள், ஐந்து காயங்களுக்கு ஐந்து சிவப்புப் பொட்டு. மேலேயும் கீழேயும் கிரேக்க எழுத்துக்கு பதில் 'அ', 'ன' எழுதச் சொல்வேன். "ஏன் மிஸ் ன?" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். தமிழ் எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். க, ங, ச என்று ஓடி ன-வில் நிற்பார்கள். "அகரமும் னகரமும் நானே" என்ற திருவெளிப்பாட்டு வசனம் அந்த நொடியில் புரிந்துவிடும். நான் கொடுக்கும் விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

இந்தக் காகிதத் திரியை ஏற்றவே கூடாது. பக்கத்தில் சிறிய மெழுகுவத்தி ஒன்றை ஏற்றுங்கள்.

மெழுகுவத்தி ஃபேன் காற்றில் அணைந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

ஏப்ரலில் நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் ஃபேனை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிமினி கிடைத்தால் அதை மேலே கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் உயரமான கண்ணாடி டம்ளருக்குள் அடியில் வைத்து ஏற்றுங்கள். வெயிலில் ஜன்னலோரம் வைத்த மெழுகுவத்தி மதியத்துக்குள் தலைகுனிந்துவிடும், ஆகவே பீரோவுக்குள் வைத்துவிட்டு எடுங்கள். தீப்பெட்டி எப்போதும் ஆசிரியர் கையில். நெருப்பே கூடாது என்று விதி உள்ள பள்ளியாக இருந்தால் பேட்டரி விளக்கு போதும், விதியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு, எல்கேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை, எதில் தொடங்கலாம்?

அல்லேலூயாவில். தவக்காலம் தொடங்கும் முன் அந்தச் சொல்லை ஒரு சார்ட்டில் எழுதி, வண்ணமடித்து, மடித்து அலமாரியில் ஒளித்து வைக்கலாம். ஈஸ்டர் முடிந்து வரும் முதல் நாள் எல்லோருமாகத் தேடி எடுப்பது. மறந்துவிட்டீர்களா? பரவாயில்லை, இப்போது எழுதி மாட்டுங்கள். 'ஆண்டவரைப் போற்றுங்கள்' என்று எபிரேயத்தில் பொருள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மூன்று விதமாகச் சொல்ல வையுங்கள்: காதோடு ரகசியமாக, சாதாரணக் குரலில், பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்க்கிற மாதிரி சத்தமாக. மகதலா மரியா தோட்டத்தில் அழுதுகொண்டிருந்ததையும், இயேசு "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அடையாளம் கண்டுகொண்டதையும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நெற்றியில் சிலுவை வரையுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் தெரிந்தால் அதையே சொல்லுங்கள். "பாப்பு" என்று கூப்பிட்டதும் ஒரு பையன் வெட்கத்தில் டெஸ்க்குக்கு அடியில் போய்விட்டான், ஆனால் நெற்றியைத் துடைக்கவில்லை.

தோமாவைப் பற்றிச் சென்னைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இந்த ஊரில் திருத்தூதர் தோமா பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அவர் கல்லறை சாந்தோமில், ஒளிந்திருந்த குகை சின்னமலையில், கி.பி. 72-இல் குத்திக் கொல்லப்பட்ட இடம் பரங்கிமலையில் என்று மரபு. பாதிப் பிள்ளைகள் மெட்ரோவில் அந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷனைக் கடந்து போகிறார்கள். அவருடைய கதை வரும் நற்செய்தி (யோவான் 20) ஒவ்வொரு வருடமும் பாஸ்கா காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று வாசிக்கப்படுகிறது. அதே ஞாயிறுதான் இறை இரக்க ஞாயிறு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-இல், அருட்சகோதரி பவுஸ்தீனாவைப் புனிதராக அறிவித்தபோது அந்தப் பெயரைத் தந்தார். வகுப்பில் இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம், தோமாவே போதும்.

"சந்தேகத் தோமா" என்று அவரை மட்டம் தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உயிர்த்த இயேசுவை மற்றவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். தோமா கேட்டது அவர்களுக்குக் கிடைத்ததைத்தான். அவர் வாயிலிருந்து வந்த "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!" என்பதைத்தான் நம் பாட்டிமார் திருப்பலியில் குரு அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது "என் ஆண்டவரே, என் தேவனே" என்று இன்றும் முணுமுணுக்கிறார்கள். வீட்டில் போய்க் கவனிக்கச் சொல்லுங்கள்.

நான் செய்வது தோமா பெட்டி. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் ஒரு கீறல். பெயர் போடாமல் ஒரு கேள்வியோ சந்தேகமோ எழுதிப் போடலாம். தினமும் இரண்டு சீட்டு எடுத்துப் படித்து, அந்தக் கேள்வியையே செபமாக்குவோம். "உயிர்த்த பிறகும் ஏன் காயம் ஆறல?", "கல்லறையில துணியைச் சுருட்டி வச்சது யாரு?" என்ற மாதிரி வரும். அருமையான கேள்விகள், எனக்கே பாதிக்குப் பதில் தெரியாது.

பெட்டியில் பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால்?

வரும். எனக்கு ஏழாம் வகுப்பில் வந்தது. நோட்டின் ஓரத்தைக் கிழித்து, பென்சிலால்: "இயேசு 3 நாள்ல வந்துட்டாரு. எங்க தாத்தா ஏன் வரல?"

முதலில் படித்துவிட்டு, அப்புறம்தான் சத்தமாகப் படித்தோமே என்று உறைத்தது. சீட்டுகளை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. யார் எழுதியது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பிள்ளைகளுக்கு அந்த நாகரிகம் இருக்கிறது. எனக்குச் சட்டென்று வந்த பதில்கள் எல்லாம் பெரியவர்கள் சமாளிக்கச் சொல்கிற பதில்கள். ஆகவே மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "உங்க வீட்டுல இறந்துபோனவங்க பேரைச் சொல்றவங்க சொல்லலாம்" என்றேன். பதினொரு பெயர்கள் வந்தன. அதில் ஒன்று 'டாமி'. யாரும் சிரிக்கவில்லை. "நித்திய இளைப்பாற்றியை ஆண்டவரே இவர்களுக்கு அளித்தருளும்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம், மணி அடித்தது.

மறுநாள்தான் விளக்கத்துக்கு வந்தேன். இயேசு உயிர்ப்பித்த இலாசர் திரும்பி வந்தது பழைய வாழ்க்கைக்கு. அவர் மறுபடியும் ஒருநாள் இறந்திருப்பார். இயேசுவின் உயிர்ப்பு அப்படி இல்லை, சாவே தொட முடியாத புது வாழ்வு. அது தாத்தாவுக்கும் உண்டு என்றுதான் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோம். எப்போது என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. இவ்வளவு சொன்னேன். போதுமானதாக இருந்ததா என்று இன்றும் யோசிப்பேன். இப்படிப்பட்ட சீட்டு வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று மெதுவாக விசாரியுங்கள். தேவைப்பட்டால் பள்ளியின் ஆலோசகரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லுங்கள்.

எம்மாவு நடையை வகுப்பில் செய்ய முடியுமா?

முடியும், எட்டரை மணி வெயிலுக்கு முன்னால். இரண்டு சீடர்கள் நடந்துபோக, உயிர்த்த இயேசு அடையாளம் தெரியாமல் கூடவே நடந்த வழி அது; எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்கிறது லூக்கா நற்செய்தி. சாந்தோமிலிருந்து பரங்கிமலைக்கு நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றால் பிள்ளைகள் "ஐயோ" என்பார்கள். இரண்டிரண்டு பேராக மைதானத்தை ஒரு சுற்று. முதல் பாதியில் ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். அடுத்த பாதியில் மாற்றி. பேச வேண்டியது ஒன்றே: "இந்த வாரம் எது நீ எதிர்பார்த்தபடி நடக்கல?" அந்த இரண்டு சீடர்களும் வழியில் பேசியது அதைத்தானே, "எதிர்பார்த்திருந்தோம்" என்று. இருவரில் ஒருவர் பெயர் கிளயோப்பா, இன்னொருவர் பெயரை லூக்கா சொல்லவே இல்லை. அந்த இடத்தில் உன் பெயரைப் போட்டுக்கொள் என்று விட்டுவிடலாம்.

திரும்பி வந்ததும் பேக்கரி பன் ஒன்றைப் பிட்டு இருவரும் பகிர்ந்துகொள்ளட்டும். "எங்களோடு தங்கும்" என்பதுதான் செபம், வேறு வார்த்தை தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: திருப்பலி மாதிரி நடித்துக் காட்டக் கூடாது. ஆர்வத்தில் ஒருமுறை எங்கள் பையன் பன்னை இரு கையாலும் உயர்த்திவிட்டான். அதட்டாமல் நிறுத்தினேன்.

கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஏதாவது?

அவர்களுக்கென்றே எழுதியது போல யோவான் 21 இருக்கிறது. இரவு முழுக்க வலை வீசி ஒன்றும் சிக்காமல் விடியலில் கரை திரும்புகிற ஏழு பேர், அதில் தோமாவும் உண்டு. கரையில் ஒருவர் கரியில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு "உணவருந்த வாருங்கள்" என்கிறார். இந்தப் பகுதியை நான் விளக்குவதை நிறுத்திப் பல வருடமாகிறது. மீனவ வீட்டுப் பிள்ளைகள் விளக்குவார்கள். வெறும் வலையோடு அப்பா திரும்பி வருகிற காலையில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை என்று ஒரு பெண் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த நற்செய்தியை வாசித்தபோது வகுப்பில் இருந்த எல்லோருக்கும் கேட்ட விதமே வேறாகிவிட்டது.

இன்னொன்று. தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விடுகிற இடைவெளி. காசிமேட்டில் படகுகள் பழுதுபார்ப்புக்கு நிற்கும், வருமானமும் நிற்கும். பாஸ்கா காலத்தின் பெரும் பகுதி இதற்குள்தான் வருகிறது. ஆகவே காலை மன்றாட்டில் கடலுக்குப் போக முடியாமல் இருக்கிற குடும்பங்களுக்காக ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகளே எழுதட்டும். "உலக அமைதிக்காக" என்று எங்கோ படித்த வரியைவிட "அப்பாவோட இன்ஜின் சரியாகணும்" என்பது நல்ல மன்றாட்டு.

அப்புறம், அவர் சொன்னபடி மறுபடி வலை வீசியதும் சிக்கிய 153 மீன். வெள்ளைக் காகிதத்தில் சிறிய மீன்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் யாருக்காகச் செபிக்கிறோமோ அவர் பெயரை எழுதி, பழைய வலைத்துண்டு ஒன்றில் கோர்த்துத் தொங்கவிடலாம். 153 வரும்வரை எழுதலாம். சரியாக 153-ஆ என்று எண்ணிப் பார்க்க ஒரு பையன் எப்போதும் இருப்பான்.

ஏதாவது வளர்க்கலாமா?

பச்சைப்பயறு. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவது பற்றிய வசனம் (யோவான் 12:24) சொல்லிவிட்டு, கொட்டாங்கச்சியில் மண் போட்டு இரவு ஊறவைத்த பயறைப் புதையுங்கள். சென்னை வெயிலுக்கு மூன்றாம் நாள் முளை தெரியும், அந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை விதைக்காதீர்கள். சனி, ஞாயிறு தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் திங்கட்கிழமை எல்லாம் காய்ந்துகிடக்கும். நான் பட்ட பாடு அது.

சிலுவைப்பாதைக்கு இணையாக உயிர்ப்புக் காலத்தில் ஏதாவது உண்டா?

உண்டு. ஒளியின் பாதை. வெறுங்கல்லறை, மகதலா மரியா, எம்மாவு, தோமா, திபேரியக் கடற்கரை என்று தொடங்கி விண்ணேற்றம், தூய ஆவியின் வருகை வரை 14 நிலைகள். சலேசிய சபைக் குரு சபினோ பாலும்பியேரி 1988-இல் முன்வைத்தது. பொதுமக்களின் பக்தி முயற்சிகளைப் பற்றி வத்திக்கான் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டி இதைப் பரிந்துரைத்திருக்கிறது. பதினான்கையும் ஒரே மூச்சில் செய்தால் பிள்ளைகள் நெளிவார்கள். வாரத்துக்கு இரண்டு நிலை என்று பிரித்தால் ஏழு வாரத்துக்குக் கச்சிதமாக வருகிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குழு படம் வரையட்டும். அச்சடித்த படங்களை வாங்கி ஒட்டாதீர்கள். எங்கள் வகுப்பில் பேதுரு லுங்கி கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார், அது சரியாகவே இருந்தது.

மதியம் சொல்லும் மூவேளை செபத்தை மாற்ற வேண்டுமா?

ஆம். பாஸ்கா காலம் முழுவதும் அதற்குப் பதிலாக "விண்ணக அரசியே, மனம் களிகூரும், அல்லேலூயா" என்று தொடங்கும் செபம். நின்றுகொண்டு சொல்வது மரபு. சிறியது, இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிடும்.

கிண்ணத்துத் தண்ணீர் எதற்கு?

திருமுழுக்கை நினைக்க. ஈஸ்டர் திருவிழிப்பில் வாக்குறுதிகளைப் புதுப்பித்தபோது ஃபாதர் தீர்த்தம் தெளித்தார், பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். வகுப்பில் அதையே விழித்திருக்கும்போது நினைவூட்டலாம். முதல் நாள் வீட்டுப்பாடமாக மூன்று விஷயம் கேட்டுவரச் சொல்லுங்கள்: எந்தக் கோயிலில், எந்தத் தேதியில், ஞானத்தாய் ஞானத்தந்தை யார். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களால் வீடுகளில் பழைய ஆல்பங்கள் வெளியே வரும், விட்டுப்போன பேச்சுவார்த்தைகூடத் தொடங்கும். மறுநாள் ஒவ்வொருவராக வந்து தண்ணீரில் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளட்டும். தண்ணீரை ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கி வையுங்கள். திருமுழுக்கு இன்னும் பெறாத பிள்ளை இருந்தால் அவரை ஓரங்கட்டாமல், அந்த நாளை எதிர்பார்த்து இருப்பவராகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது?

மேலே சொன்ன எதுவும் அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவும் அதைத்தான் சொல்கிறது: அரசு அங்கீகாரம் அல்லது நிதி பெறும் பள்ளியில், மாணவரின் சம்மதம் இல்லாமல், சிறுவராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது. நடைமுறையில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி பீரியடும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் ஒரே நேரத்தில் நடக்கும். அங்கே இதையெல்லாம் செய்யுங்கள். எல்லோரும் இருக்கும் காலை நேரத்தில் ஒரு நிமிட அமைதி, நோயுற்றவர்களை நினைப்பது, நன்றி சொல்வது போதும். பயறு விதைப்பதில் மட்டும் எல்லோரும் வந்து சேர்ந்துகொள்வார்கள், யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

முட்டை, முயல்?

முட்டையில் வண்ணம் தீட்டினால் தப்பில்லை, ஓட்டை உடைத்து வெளிவரும் உயிர் என்று சொல்லிக்கொள்ளலாம். முயல் நமக்கு எதற்கு?

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வாயே திறப்பதில்லை. அவர்களோடு எப்படிச் செபிப்பது?

திறக்க வைக்க முயலாதீர்கள். பாட்டு, கைதட்டல், செய்கை எல்லாம் அவர்களுக்குக் கூச்சம். ஒரு வசனத்தைப் பலகையில் எழுதி, மூன்று நிமிடம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். யாரும் படிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். பொதுத்தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு, கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்த சீடர்களின் நடுவில் வந்து "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்று சொன்ன காட்சி ஒன்றே போதும். மார்க் நல்லா வரணும் என்று செபிக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக.

லீவில் வீட்டில் செய்ய என்ன கொடுக்கலாம்?

ஒரே ஒரு காகிதம். அதில் ஏழு ஞாயிறுக்கும் ஒவ்வொரு வேலை: தாத்தா பாட்டியிடம் அவர்கள் காலத்து ஈஸ்டர் பற்றிக் கேள், கிண்டல் செய்த நண்பனுக்கு நீயே போன் செய், தெருநாய்க்கும் காகத்துக்கும் தண்ணீர் வை. மே மாதம் மாதாவின் வணக்க மாதம். வீட்டில் செபமாலை சொன்னால் மகிமை நிறை மறையுண்மைகளில் முதல் மூன்றும் இந்தக் காலத்துக் கதைதான் என்று குறித்துக் கொடுங்கள். நான்காம் ஞாயிறு நல்லாயன் ஞாயிறு, இறை அழைத்தலுக்காகத் திருச்சபை செபிக்கும் நாள், தெரிந்த சிஸ்டர் ஒருவரிடம் "நீங்க ஏன் சிஸ்டர் ஆனீங்க?" என்று கேட்டு வரச் சொன்னால், பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில்கள் நமக்கு ஒருபோதும் கிடைக்காது. பல பங்குகளில் புதுநன்மையும் (முதல் நற்கருணை) இந்த லீவில்தான், ஆகவே அந்த வீடுகளுக்கு வேறு வேலை சுமத்த வேண்டாம்.

பெந்தக்கோஸ்துக்கு என்ன செய்யலாம்?

ஜூன் மாதத்தில் வகுப்பு இருந்தால் ஃபேனை நிறுத்துங்கள். மேலே நான் துணிவு இல்லை என்றேனே, இந்த ஒரு நாளைக்கு மட்டும் வரவழைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லாமல் சுவிட்சை அணைத்துவிட்டு, மேல்மாடி அறையில் காத்திருந்த சீடர்களின் கதையை மெதுவாகத் தொடங்குங்கள். ஒரு நிமிடத்தில் நோட்டால் விசிற ஆரம்பிப்பார்கள், இரண்டாம் நிமிடத்தில் "மிஸ், ப்ளீஸ்". "கொடுங்காற்று வீசுவதுபோன்று" என்ற இடம் வரும்போது ஒருவரைச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். நாற்பது தொண்டையிலிருந்தும் ஒரே "ஆ..." வரும். எபிரேயத்தில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான், ரூவா, என்று அப்போது சொன்னால் போதும்.

ஆவியின் ஏழு கொடைகளைச் சிவப்புக் காகிதச் சுடர்களில் எழுதி, குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுத்து அந்த வாரம் அதற்காகச் செபிக்கலாம். ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்ற பழைய பட்டியலையே நான் இன்னும் வைத்திருக்கிறேன். 'விமரிசை' (ஆலோசனை) எடுத்த பிள்ளை பொருள் கேட்டு வீட்டுக்குப் போவாள், நல்லதுதான். நம் கோயில்களில் விண்ணேற்றப் பெருவிழா ஞாயிறன்று கொண்டாடப்பட்டாலும், நாற்பதாம் நாளான வியாழனுக்கு மறுநாள் தொடங்கினால் பெந்தக்கோஸ்து நவநாளுக்கு ஒன்பது நாள் சரியாக வரும்.

எல்லாம் முடிந்ததும் செப மூலையில் மீந்ததை என்ன செய்வது?

பெந்தக்கோஸ்து முடிந்ததும் கோயிலில் பாஸ்கா திரியைத் திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் கொண்டுபோய் வைப்பார்கள். அப்புறம் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத் திருப்பலிக்கும்தான் ஏற்றுவார்கள். வகுப்புத் திரியைப் பிள்ளைகளில் யாராவது வீட்டுக்குக் கேட்பார்கள், சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். தோமா பெட்டியின் சீட்டுகளைக் குப்பைக்கூடையில் போடாமல் எரித்துவிடுங்கள். மீந்த தீர்த்தத்தை வாஷ்பேசினில் கொட்டக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். பயறுச் செடி ஏதாவது பிழைத்திருந்தால் அதன் அடியிலேயே ஊற்றிவிடலாம்.